அரசுப் பணத்தில் நடக்கும் ஆட்டிச ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுக்கு அழைக்கப்படும் பெற்றோருக்கு ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துச் சொல்வது என் வேலை. நான் டாக்டர் இல்லை, ஆய்வாளரும் இல்லை. படிவத்தின் இரண்டாம் பக்கம் வருவதற்குள் கேள்விகள் ஆரம்பித்துவிடும். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதிவைத்து, தெரிந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, கொஞ்சம் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டிசம்னா என்னன்னே இன்னும் முழுசா தெரியலைன்னு சொல்றாங்க. அப்புறம் எதைத்தான் ஆராய்ச்சி பண்றாங்க?

காரணம் முழுதாகத் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் அது எப்படி வெளிப்படும் என்பது நன்றாகவே தெரியும். மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் வேறுபாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சத்தம், வெளிச்சம், தொடுதல் போன்றவற்றைக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் கணிக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை ஒன்றும் கிடையாது. லியோ கன்னர் என்ற மனநல மருத்துவர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது இது மிக அரிதான ஒன்று என்று நினைத்தார்கள். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, அதுவரை தனித்தனியாக இருந்த ஆஸ்பெர்கர் போன்ற பெயர்களையெல்லாம் சேர்த்து, 'ஆட்டிச நிறமாலை' என்று ஒரே குடைக்குள் கொண்டுவந்தது.

ஆராய்ச்சி என்றதும் எல்லோருக்கும் சோதனைக்கூடமும் எலியும்தான் ஞாபகம் வரும். எத்தனை பேருக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று எண்ணுவதும் ஆராய்ச்சிதான். எந்தப் பயிற்சி பலன் தருகிறது, நாற்பது வயதில் இவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்ப்பதும் ஆராய்ச்சிதான்.

இதுக்கெல்லாம் அரசாங்கம் எதுக்குப் பணம் போடணும்? மருந்து கம்பெனிக்காரன் பண்ண மாட்டானா?

விற்க முடிந்த பொருள் கடைசியில் கிடைக்கும் என்றால் பண்ணுவான். தாயும் தகப்பனும் தரையில் உட்கார்ந்து குழந்தையோடு விளையாடும் முறையை மாற்றினால் பேச்சு வளருமா என்ற கேள்விக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்? விடை 'ஆம்' என்று வந்தாலும் விற்பதற்கு அதில் எதுவும் இல்லை. ஐந்து லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளைப் பத்து வருடம் பின்தொடர்வதும் இதே கதைதான்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 'இது பலன் தராது' என்ற முடிவை விலை கொடுத்து வாங்க அநேகமாக யாருமே முன்வருவதில்லை. அந்தச் செலவைப் பெரும்பாலும் பொதுப் பணம்தான் ஏற்கிறது. இதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

பணம் யார் கையிலேர்ந்து யார் கைக்குப் போகுது?

நாட்டுக்கு நாடு வழி வேறு. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனங்கள் என்ற அமைப்பு, சுருக்கமாக என்.ஐ.எச்., பெரும்பங்கைத் தருகிறது. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் திட்டம் எழுதி அனுப்புவார். அதே துறையிலுள்ள வேறு ஆய்வாளர்கள் அதைப் படித்து மதிப்பெண் போடுவார்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய திட்டங்களில் சிலவற்றுக்கு மட்டும் நிதி கிடைக்கும். மதிப்பெண் போடுகிறவர்கள் அமைச்சகத்து அலுவலர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளைக் கணக்கெடுப்பது நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் வேலை. அரசுத் துறைகளோடு பெற்றோரும் ஆட்டிசம் உள்ளவர்களும் சேர்ந்து உட்காரும் ஒருங்கிணைப்புக் குழு ஒன்றும் சட்டப்படி அங்கே உண்டு.

பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தருகிறது. டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளில் பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவும் அரசிடம் இருக்கிறது. அதனால் குறைந்த செலவில் மிகப் பெரிய ஆய்வுகளை அவர்களால் செய்ய முடிகிறது. ஆட்டிசம் பற்றி இன்று உறுதியாகத் தெரிந்தவற்றில் பாதிக்கு அந்தப் பதிவேடுகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

மொத்தம் எவ்வளவு பணம்?

ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் 2024 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஆட்டிசச் சட்டம் ஐந்து வருடங்களுக்குச் சுமார் 195 கோடி டாலரை அனுமதிக்கிறது. கணக்கெடுப்பு, பயிற்சி, ஆரம்பக் கண்டறிதல் எல்லாம் அதற்குள் அடக்கம். முழுத் தொகையும் சோதனைக்கூடத்துக்குப் போவதாக நினைக்க வேண்டாம்.

முன்னெல்லாம் 150ல ஒரு குழந்தைன்னாங்க, இப்போ 31ல ஒண்ணுங்கறாங்க. தொத்துநோய் மாதிரி பரவுதா?

இரண்டுமே சி.டி.சி.யின் எண்கள்தான். 150இல் ஒன்று என்பது 2000ஆம் ஆண்டுக் கணக்கு, 31இல் ஒன்று 2022ஆம் ஆண்டுக் கணக்கு. கணக்கெடுக்க வீடு வீடாகப் போவதில்லை. தேர்ந்தெடுத்த சில இடங்களில் எட்டு வயதுக் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளையும் பள்ளிப் பதிவுகளையும் புரட்டிப் பார்த்து எண்ணுகிறார்கள். பதிவில் இருந்தால்தான் கணக்கில் வரும்.

2022ஆம் ஆண்டுக் கணக்கின் உள்ளே போய்ப் பாருங்கள். 16 இடங்களில் எடுத்தார்கள். டெக்சஸ் மாநிலத்தின் லரேடோவில் 103இல் ஒன்று, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 19இல் ஒன்று. ஒரே நாடு, ஒரே வருடம், ஒரே வயது. குழந்தைகள் ஐந்து மடங்கு மாறிவிட மாட்டார்கள். கண்டுபிடிக்கிற ஏற்பாடுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. தென்கொரியாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுகளை மட்டும் நம்பாமல் சாதாரணப் பள்ளிகளுக்கே போய்ப் பார்த்தது. 7 முதல் 12 வயதில் 2.64 விழுக்காடு என்று வந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் யாருமே கண்டுகொள்ளாமல் சாதாரண வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்.

அப்படியென்றால் உயர்வு முழுக்க எண்ணும் முறையால் வந்ததா? அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். தாமதமாகக் குழந்தை பெறுவது, குறைமாதக் குழந்தைகள் முன்பைவிட அதிகம் பிழைப்பது போன்றவையும் கொஞ்சம் பங்கு வகிக்கலாம். ஆனால் வரையறை விரிந்ததும் தேடல் கூடியதும்தான் பெரும்பங்கு.

தடுப்பூசி போட்டதாலதான்னு எங்க வீட்டில இன்னும் சொல்றாங்க. உண்மையைச் சொல்லுங்க.

இல்லை. இந்தப் பேச்சு 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவரின் கட்டுரையால் பரவியது. அதில் இருந்தவை 12 குழந்தைகள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. தடுப்பூசிக் கம்பெனிகள்மேல் வழக்குப் போடத் தயாரான வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவர் பணம் வாங்கியது பின்னால் தெரியவந்தது. 2010இல் லான்செட் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, பிரிட்டனில் மருத்துவம் பார்க்கும் உரிமையையும் அவர் இழந்தார்.

அந்த 12 பேருக்குப் பதில் சொல்ல எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் தெரியுமா? டென்மார்க்கில் 2002இல் 5,37,303 குழந்தைகள், 2019இல் மறுபடியும் 6,57,461 குழந்தைகள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியைப் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை. ஏற்கெனவே ஆட்டிசம் உள்ள அண்ணன் அக்கா இருக்கும் குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் இல்லை.

ஊசி போடறதும் அரசாங்கம், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கறதும் அரசாங்கம். எப்படி நம்பறது?

நியாயமான சந்தேகம். இதைக் கேட்டவர்மேல் எரிந்து விழுவது சரியில்லை என்று நினைக்கிறேன். ஒரே அரசு, ஒரே குழு, ஒரே ஆய்வு என்றால் நானும் தயங்குவேன். டென்மார்க் அரசுக்கும் ஜப்பான் அரசுக்கும் ஒரே மாதிரிப் பொய் சொல்ல வேண்டிய கட்டாயம் என்ன?

ஜப்பான் கதை இதற்கு நல்ல விடை. வேறு பக்கவிளைவுகளுக்காக, தட்டம்மை உள்ளிட்ட மூன்றுக்கும் சேர்த்துப் போடும் அந்த ஊசியை அவர்கள் 1993இல் நிறுத்தினார்கள். ஊசிதான் காரணம் என்றால் அதற்குப் பிறகு பிறந்தவர்களிடம் ஆட்டிசம் குறைந்திருக்க வேண்டும். யோகோஹாமாவில் எண்ணிப் பார்த்தபோது குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. அரசே ஊசியை நிறுத்திய இடத்திலும் அதே விடைதான்.

பரம்பரையா வருதா? என்னாலயா?

'என்னாலயா' என்று கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும். பாசமில்லாத தாயால் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பல வருடம் அந்தப் பழியைத் தாய்மார் சுமந்தார்கள். அதை உடைத்ததில் இரட்டையர் ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரண்டு வகையினரையும் வளர்த்தவர்கள் ஒரே மாதிரித் தாய்மார்தான்.

2019இல் ஐந்து நாடுகளின் பதிவேடுகளில் இருபது லட்சம் குழந்தைகளை வைத்துக் கணக்கிட்டபோது, ஆட்டிசம் வருவதில் காணும் வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காடு மரபணுவைச் சேர்ந்தது என்று வந்தது. இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. பெற்றோர் எண்பது பங்கு கொடுத்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சில மாற்றங்கள் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுபவை. 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு தொடர்புள்ள 102 மரபணுக்களைப் பட்டியலிட்டது. 'ஆட்டிச மரபணு' என்று ஒன்றைத் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள்.

கர்ப்பத்துல காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சாப்பிட்டேன். அதுதானோ?

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசே மேடை போட்டு இதைச் சொன்னதிலிருந்து தினமும் வரும் கேள்வி இது. மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் ஆட்டிசம் சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொன்னது நிஜம். ஆனால் மாத்திரை சாப்பிட ஒரு காரணம் இருந்திருக்குமே? காய்ச்சல், தொற்று, தலைவலி என்று ஏதோ ஒன்று. குடும்ப மரபும் இருக்கிறது.

ஸ்வீடனில் சுமார் 24.8 லட்சம் குழந்தைகளைப் பார்த்து 2024இல் ஓர் ஆய்வு வந்தது. அதற்கு நிதி கொடுத்தவர்களில் அமெரிக்காவின் என்.ஐ.எச்.சும் ஒன்று. ஒரே தாயின் ஒரு கர்ப்பத்தில் மாத்திரை உண்டு, இன்னொன்றில் இல்லை. அப்படிப்பட்ட உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது தொடர்பு மறைந்துவிட்டது. கவனியுங்கள், அரசு மேடையில் சொன்னது ஒன்று, அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு சொன்னது வேறு. நான் ஆய்வின் பக்கம். கடும் காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவதே கர்ப்பத்துக்குக் கெடுதல், அதனால் எந்த மாத்திரைக்கும் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

இத்தனை வருஷ ஆராய்ச்சியில மருந்து ஏதாவது கண்டுபிடிச்சாங்களா?

ஆட்டிசத்தின் அடிப்படைக்கே மருந்து என்றால், இல்லை. கூடவே வரும் கடும் கோபம், தன்னைத் தானே அடித்துக்கொள்வது ஆகியவற்றுக்கு உண்டு. ரிஸ்பெரிடோன் மருந்தை 101 குழந்தைகளிடம் அரசுப் பணத்தில் சோதித்து 2002இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களில் 69 விழுக்காட்டினரிடம் தெளிவான முன்னேற்றம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12 விழுக்காடு. எட்டு வாரத்தில் எடையும் சராசரியாக 2.7 கிலோ ஏறியது. வேலை செய்கிறது, ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. 2006இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

மற்றபடி பட்டியல் ஏமாற்றம்தான். திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களைக் குறைக்கும் என்று எதிர்பார்த்த சிட்டலோபிராம் 149 குழந்தைகளிடம் பலன் தரவில்லை (2009). மூக்கில் அடிக்கும் ஆக்ஸிடோசின் 'பாச ஹார்மோன்' என்று பெயர் வாங்கி உலகமெல்லாம் பேசப்பட்டது. 290 குழந்தைகளுக்கு 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்றுத் திரவம் அடித்தவர்களுக்கும் இவர்களுக்கும் பழகும் விதத்தில் வேறுபாடு இல்லை (2021). இரண்டுக்கும் பணம் கொடுத்தது என்.ஐ.எச்.

எல்லாத்துக்கும் 'பலனில்லை'ன்னா, கொட்டின பணமெல்லாம் வீண்தானே?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

செக்ரெட்டின் என்று ஜீரண மண்டலத்துக்கான ஒரு ஹார்மோன் இருக்கிறது. 1998இல் மூன்று குழந்தைகளுக்கு அது நல்ல பலன் தந்ததாக ஒரு கட்டுரை வந்தது. தொலைக்காட்சியில் வந்ததும் பெற்றோர் அலைமோதினார்கள், ஊசிக்குக் கையிருப்பே போதவில்லை. அடுத்த வருடமே 60 குழந்தைகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்பு நீர் என்று கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு குழுவிலும் பெற்றோர் முன்னேற்றத்தைப் பார்த்தார்கள். உப்பு நீரிலும்! ஒரு மாதத்தில் குழந்தை தானாகவே கொஞ்சம் வளர்கிறது, எதிர்பார்ப்போடு பார்க்கும் கண்ணும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கிறது. இதில் மிகவும் யோசிக்க வைப்பது வேறொன்று. முடிவைச் சொன்ன பிறகும் 69 விழுக்காடு பெற்றோர் அந்த ஊசியில் ஆர்வமாகவே இருந்தார்கள்.

இப்போது நினைத்துப் பாருங்கள். அந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்து அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கும்? ஆக்ஸிடோசினும் அப்படித்தான். 'பலன் உண்டு' என்ற ஆய்வு ஒரு மருந்தைத் தருகிறது. 'பலனில்லை' என்ற ஆய்வு ஆயிரக்கணக்கான வீடுகளில் பணத்தையும் குழந்தையின் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. அந்த மிச்சம் யாருடைய கணக்கிலும் வரவாக ஏறுவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை.

அப்ப பயிற்சி, தெரபி எல்லாம்? அதுக்காவது ஆதாரம் இருக்கா?

சிலவற்றுக்கு இருக்கிறது, ஆனால் விளம்பரப் பலகைகள் சொல்லும் அளவுக்கு இல்லை. பிரிட்டனில் 152 குழந்தைகளை வைத்து நடந்த பாக்ட் ஆய்வு எனக்குப் பிடித்தது. பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு பெற்றோரோடு உட்கார்ந்து அதை ஓட்டிப் பார்ப்பார்கள். 'இங்கே நிறுத்துங்கள், உங்கள் மகன் பந்தைப் பார்த்துவிட்டு ஒரு நொடி உங்கள் முகத்தைப் பார்த்தான், கவனித்தீர்களா?' என்று காட்டுவார்கள். அந்த ஒரு நொடிக்கு எப்படிப் பதில் கொடுப்பது என்பதுதான் பயிற்சி.

2010இல் வந்த முதல் முடிவு சோர்வு தந்தது. பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுப்பது நன்றாக மாறியிருந்தது, ஆனால் ஆட்டிசத்தின் அளவீட்டில் பெரிய வேறுபாடு இல்லை. அத்தோடு மூட்டை கட்டியிருக்கலாம். சுமார் ஆறு வருடம் கழித்து அதே குழந்தைகளைத் தேடிப் போனார்கள். பயிற்சி பெற்ற குழுவில் கடும் நிலையில் இருந்தவர்கள் 46 விழுக்காடு, மற்ற குழுவில் 63. ஆறு வருடம் பொறுத்துத் திரும்பிப் பார்க்கும் வேலையைச் செய்ய எந்தத் தெரபி மையத்துக்கும் முடியாது.

எங்க குழந்தையை ஆய்வுல சேர்க்கச் சொல்றாங்க. என்னவெல்லாம் பண்ணுவாங்க?

ஆய்வைப் பொறுத்தது. மரபணு ஆய்வு என்றால் பெரும்பாலும் எச்சில்தான். ஒரு சின்னக் குழாயில் கோடு வரைக்கும் துப்ப வேண்டும், அதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கேட்கச் சுலபம். நாலு வயதுக் குழந்தையிடம் 'துப்பு' என்று சொல்லிப் பாருங்கள், மற்ற நேரமெல்லாம் துப்பிக்கொண்டிருந்த பிள்ளை அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொள்ளும். அதற்காகக் கன்னத்துக்குள் வைத்து எடுக்கும் பஞ்சுக் குச்சியும் இருக்கிறது, தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூளை ஸ்கேன் என்றால் நல்ல குழுவினர் முதல்நாளே உண்மையான இயந்திரத்தில் ஏற்ற மாட்டார்கள். அதே மாதிரி ஒரு பொம்மைக் குழாயில் படுக்க வைத்து, அந்த டகடக சத்தத்தைப் போட்டுக் காட்டிப் பழக்குவார்கள். கைக்குழந்தைகளை இயல்பான தூக்கத்தில் வைத்தே எடுக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தம்பி தங்கைகளைப் பிறந்ததிலிருந்தே பின்தொடரும் ஆய்வுகளும் உண்டு. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது என்பது அப்படித் தெரிந்ததுதான்.

கையெழுத்துக்கு முன் நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்று படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மெதுவாகப் படியுங்கள்.

வெத்து மருந்து குழுவுல விழுந்துட்டா எங்க பிள்ளைக்கு நஷ்டம்தானே?

மருந்து பலன் தரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அது நஷ்டம். தெரியாததால்தான் சோதனையே நடக்கிறது. ஆக்ஸிடோசின் ஆய்வில் முதல் 24 வாரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் மருந்து தரும் கட்டம் ஒன்றும் இருந்தது. உங்கள் ஆய்வில் அப்படி உண்டா என்று கேட்கலாம்.

கொடுக்கற தகவல் எங்கே போய்ச் சேரும்?

என்.ஐ.எச். ஆட்டிச ஆய்வுகளுக்கென்றே ஒரு தேசியத் தரவகம் வைத்திருக்கிறது. பெயரை எடுத்துவிட்டு ஒரு குறியீட்டு எண்ணோடு தகவல் அங்கே போகும், மற்ற ஆய்வாளர்கள் அனுமதி வாங்கிப் பயன்படுத்துவார்கள். ஒரே குழந்தையின் எச்சிலிலிருந்து பத்து ஆய்வுகள் வர இதுதான் வழி, அந்த வகையில் நல்லது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் விலகினால் இனிமேல் எடுக்க மாட்டார்கள். ஏற்கெனவே பகிர்ந்ததை முழுதாகத் திரும்பப் பெறுவது அநேகமாக முடியாது. மரபணுத் தகவல் உங்கள் குழந்தையுடையது மட்டுமல்ல, குடும்பத்துக்கே பொது. யோசித்து முடிவெடுங்கள்.

ஆட்டிசம் உள்ள பெரியவங்க சிலரே இந்த ஆராய்ச்சியை எதிர்க்கறாங்களாமே, ஏன்?

எல்லாவற்றையும் எதிர்ப்பதில்லை. பணம் எங்கே போகிறது என்பதுதான் முதல் சண்டை. பிரிட்டனில் 2007 முதல் 2011 வரையிலான ஆட்டிச ஆராய்ச்சிப் பணத்தைக் கணக்குப் பார்த்தபோது 56 விழுக்காடு உயிரியல், மூளை, அறிதிறன் பக்கம் போயிருந்தது. அன்றாடச் சேவைகள் பற்றிய ஆய்வுக்கு 5 விழுக்காடுதான். நாற்பது வயதில் வேலை தேடுகிறவருக்கு எலியின் மூளை என்ன செய்யும்?

இரண்டாவது, பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துக் கருவைக் கலைக்க இது வழி செய்யுமோ என்ற பயம். பிரிட்டனில் 2021இல் பத்தாயிரம் பேரின் மரபணுவைச் சேகரிக்கத் தொடங்கிய ஒரு திட்டம் இந்த எதிர்ப்பால் சில வாரத்திலேயே நின்றது. அது அறக்கட்டளைப் பணத்தில் தொடங்கியது, ஆனால் பயம் எல்லாப் பணத்துக்கும் பொதுதான். எதிர்ப்புக்குப் பலனும் உண்டு. அமெரிக்கச் சட்டம் 2006இல் 'ஆட்டிசத்தை எதிர்த்துப் போராடும் சட்டம்' என்றுதான் பெயர் வைத்துக்கொண்டு வந்தது. எங்களை எதிர்த்தா போராடுகிறீர்கள் என்று கேட்டார்கள். 2014இல் பெயர் மாறியது.

என் பொண்ணு பேசவே மாட்டா. அவளை மாதிரிப் பிள்ளைங்க இந்த ஆய்வுகள்ல இருக்காங்களா?

போதுமான அளவு இல்லை. இதுதான் இந்தத் துறையின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். சி.டி.சி.யின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், நுண்ணறிவு அளவீடு கிடைத்த ஆட்டிசக் குழந்தைகளில் 39.6 விழுக்காட்டினருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தது. ஆனால் 2016இல் வெளியான ஆட்டிச ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், அவற்றில் கலந்துகொண்ட ஆட்டிச நிலையாளர்களில் 94 விழுக்காட்டினர் அந்தக் குறைபாடு இல்லாதவர்கள் என்று கண்டார்கள். ஸ்கேனில் அசையாமல் படுக்க வேண்டும், வினாத்தாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முடிந்தவர்கள் உள்ளே, முடியாதவர்கள் வெளியே.

நாடு, மொழி விஷயத்திலும் இதே ஓட்டைதான். பெரும்பாலான கணிப்புக் கருவிகள் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்து உருவானவை.

ஆட்சி மாறினா ஆராய்ச்சியும் மாறுமா?

மாறும். பாராசிட்டமால் பதிலில் சொன்ன அந்த 2025 செப்டம்பரிலேயே என்.ஐ.எச். 13 புதிய திட்டங்களுக்கு ஐந்து கோடி டாலருக்கு மேல் அறிவித்தது. எந்தக் கேள்விக்குப் பணம் என்பதை அரசியல் தீர்மானிக்கலாம். விடையைத் தீர்மானிக்க விடாமல் காப்பதுதான் வெளியாள் மதிப்பீடும், முறையை முன்கூட்டியே பதிவு செய்வதும், வேறு நாட்டில் திரும்பச் செய்து பார்ப்பதும். எனக்குள்ள கவலை வேறு. பாக்ட் ஆய்வு மாதிரி ஆறு வருடம் காத்திருக்க வேண்டியவை, நடுவில் நிதி நின்றால் அத்தோடு போச்சு. அந்தக் குழந்தைகளின் அந்த வயது திரும்ப வராது.

பேப்பர்ல மாசம் ஒருதடவை 'ஆட்டிசத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பு'ன்னு வருது. எதை நம்பறது?

முதலில் எத்தனை குழந்தைகள் என்று தேடுங்கள். அப்புறம் ஒப்பிடும் குழு இருந்ததா என்று பாருங்கள். எலியா மனிதனா என்பது பெரும்பாலும் நாலாவது பத்தியில் ஒளிந்திருக்கும். கட்டுரையின் கடைசியில் யார் பணம் என்று இருக்கும், அதையும் படியுங்கள். அரசுப் பணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று நான் சொல்லவில்லை.

என் பையனுக்குப் பத்து வயசு. இந்த ஆராய்ச்சியால அவனுக்கு என்ன கிடைக்கும்? அதை மட்டும் சொல்லுங்க போதும்.

102 மரபணுக்களால் அவனுக்கு இப்போதைக்கு ஒன்றும் கிடைக்காது. கூடவே வருகிறவை பற்றிய ஆய்வுகளால் கிடைக்கும். வலிப்பு, பதற்றம், மலச்சிக்கல், தூக்கம் இவற்றைக் கவனித்தால் அவனுடைய ஒரு நாள் மாறும். இவற்றையெல்லாம் 'ஆட்டிசம்தானே' என்று ஒதுக்காமல் தனித்தனியாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூக்கத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பிரிட்டன் அரசின் பணத்தில், ஆட்டிசம் உள்ளவர்களையும் சேர்த்து வளர்ச்சிக் குறைபாடுள்ள 146 குழந்தைகளிடம் மெலடோனினைச் சோதித்து 2012இல் முடிவு சொன்னார்கள். வெற்று மருந்து எடுத்தவர்களைவிடச் சுமார் 38 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். மொத்தத் தூக்கமோ 22 நிமிடம்தான் கூடியது. மீதி நிமிடங்கள் எங்கே போயின என்று ஒரு அம்மா கேட்டார். சீக்கிரம் தூங்கிய பிள்ளைகள் காலையில் சீக்கிரமே எழுந்தும் விட்டார்கள்.